இருபத்து மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல்

அத்தியாயம் 11

கார் கிணத்துக்கடவைத் தாண்டியபோது உம்மல் குல்சும் மறுபடியும் கைப்பையைத் திறந்து செக் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அது எங்கயும் ஓடிப்போகாதும்மா" என்றாள் மகள் இல்மா, காரை ஓட்டியபடியே.

முன்சீட்டில் அவள் கணவர் ஷேக் பரீத் சிரித்தார். புதுச் சட்டை, புது அத்தர். பொள்ளாச்சி கொப்பரை வியாபாரிகளுக்கு முப்பது வருஷமாகச் சாக்கு விற்றவர். சாக்குக்குள் இருப்பது எந்தத் தோப்புக் கொப்பரை என்று தட்டிப் பார்த்தே சொல்வார். இன்றைக்கு முதல்முறையாகத் தோப்பையே வாங்கப் போகிறார். தம் பெயரில் இல்லை, மனைவியின் பெயரில்.

குல்சுமின் தகப்பனார் மவுத்தாகி அடக்கமான பிறகு கோட்டைமேட்டு வீட்டை விற்றார்கள். அவளுடைய பங்கு அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது. பெண்ணுக்கு வந்த பங்கு பெண்ணுக்கே என்பது மார்க்கம். பரீத் அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார், அது அவ காசு, நான் தொடமாட்டேன் என்று. தொடவும் இல்லை. அதை எங்கே போடவேண்டும் என்று பேசுவதைத்தான் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

துபாயிலிருந்து மகன் இல்யாஸும் நிறுத்தவில்லை. அங்கே அடுக்குமாடி வீடுகள் விற்கும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். இருபத்து மூன்றாம் மாடியில் அம்மாவுக்கென்று ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். வாடகை திர்ஹாமில் வரும், ரூபாய் விழ விழ அது ஏறும் என்பது அவன் கணக்கு. ராத்திரி ஒரு குழாய் ஒழுகினால் குனியமுத்தூரிலிருந்து யார் போய் அடைப்பது என்பது பரீத்தின் கேள்வி. ஒரு மாதம் தகப்பனும் மகனும் போனில் மரியாதை குறையாமல் மல்லுக்கட்டினார்கள். நடுவில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது குல்சும்தான்.

உங்களுக்கு எது வேணும்மா என்று அவளைக் கேட்டது இல்மா மட்டும். கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பவர் பார்க்கிற பெண். எது தெளிவாகத் தெரிகிறது, இதுவா அதுவா என்று நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவள். ரேஷன் அட்டை, கரண்ட் பில், இருக்கிற வீடு எல்லாம் பரீத்தின் பெயரில். குல்சுமுக்குத் தன் பெயரில் ஒன்று வேண்டும், அது பிள்ளைகளுக்குப் பிறகும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை இல்யாஸ் போனில் திடீரென்று விட்டுக்கொடுத்தான். அத்தா சொல்றபடி தோப்பையே வாங்கிக்கங்கம்மா, எனக்குச் சந்தோசந்தான் என்றான். பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று குல்சும் சேமியாப் பாயசம் வைத்து மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இல்மா மட்டும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணன் இத்தனை சுளுவாத் தோத்து நான் பாத்ததே இல்ல" என்றாள்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் நெரிசலைக் கடந்து ஆனைமலை ரோட்டில் திரும்பியதும் குல்சும் கேட்டாள். "ஏனுங்க, நல்லாக் காய்க்கிற தோப்பை அவங்க எதுக்கு விக்கறாங்களாம்?"

பரீத் திரும்பிப் பார்த்தார். "அதைப் போயிக் கேப்பாங்களா குல்சும்? என்ன கஷ்டமோ, ஏதோ. விக்கற மனுசன்கிட்ட ஏன்னு கேட்டா அவரு மொகத்தை எங்க கொண்டுபோயி வெச்சுக்குவாரு?"

இந்தப் பக்கத்து மரியாதை அது. மூன்று தடவை அவர் தோப்புக்குப் போய் வந்துவிட்டார். கிணற்றுத் தண்ணீர், மின் இணைப்பு, வண்டித்தடம், எல்லைக்கல் எல்லாம் விசாரித்தார். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. தோப்புக்காரர் வேலனும் அப்படியே. பாய்க்கு எத்தனை பிள்ளைகள், எங்கே இருக்கிறார்கள் என்று அவர் வாய் திறக்கவில்லை. கேட்டால், பணம் எங்கிருந்து வருகிறது என்று துருவுவதாக ஆகிவிடும். இருவரும் எளநீர் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, ஒருவர்மேல் ஒருவர் பெரும் மதிப்போடு பிரிந்தார்கள்.

இந்தத் தோப்பைக் கொண்டுவந்தவன் ஆஸிம். இல்யாஸோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இப்போது நிலத் தரகு. ஒரு நாள் சாக்குக் கடைக்கு வந்து, மாமா உங்க மனசுக்குத் தக்க தோப்பு ஒண்ணு இருக்கு என்றானாம். துபாய்க்காரன் பேச்சைத் தட்டிவிட்டு நானாகப் பிடித்த தோப்பு என்று பரீத் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேலனும் அவர் மனைவி வரலட்சுமியும் வாசலுக்கே வந்து நின்றிருந்தார்கள்.

"வாங்க பாய், வாங்கக்கா, வா கண்ணு. வெயிலு ஏறங்காட்டி, காலையிலயே வந்துபோட்டீங்க."

எளநீர் வந்தது. நிழலில் போட்டிருந்த மேசைமேல் ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, மட்டையுரித்த தேங்காய் இரண்டு, எலுமிச்சம்பழம். முன்பணம் அதில் வைத்து வாங்க வேண்டும் என்பது வேலனின் ஆசை. நல்ல நேரம் தொடங்கச் சற்று இருந்தது. அதற்குள் தோப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று பரீத் குல்சுமை அழைத்துப் போனார்.

காலடியில் ஈரம். மேலே கீற்றுகளின் சலசலப்பு. இதெல்லாம் இனி உன் பேர்ல என்று அவர் கை வீசிக் காட்டினார். குல்சுமுக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, மேற்கு ஓரத்துக்குப் போகிறவரை. அங்கே சில மரங்களின் ஓலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்திருந்தன. பழுத்த மஞ்சள். அடுத்த வரிசையில் மரமே இல்லை, வெட்டிய அடிக்கட்டைகள்தான். வெட்டுவாய் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"வயசான மரமா இருக்கும்" என்றார் பரீத், குரலில் கொஞ்சங்கூடச் சந்தேகம் இல்லாமல்.

திரும்பி வந்ததும் வரலட்சுமி பெண்கள் இருவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் பேசட்டும், நீங்க ஊட்டுக்குள்ள வாங்க என்றாள். கட்டி வைத்திருந்த மல்லிகைச் சரத்தைக் கிள்ளி இல்மாவுக்கு வைத்தாள். குல்சுமின் முக்காட்டுக்குள்ளே தானே செருகிவிட்டாள். கைக்குப் பழகின சிநேகிதியைப் போல இருந்தது அந்தத் தொடுகை.

"உங்க கை ராசியான கையாட்ட இருக்குதுங்கக்கா. நீங்க வாங்கறதுல எங்களுக்குந்தான் ஒரு வழி பொறக்குது."

என்ன வழி என்று குல்சும் கேட்கவில்லை. கேட்காமலே வரலட்சுமி சொன்னாள். பெருமையை எத்தனை நேரந்தான் அடக்கி வைப்பது? மகன் யஷ்வந்த் காலேஜில் படிக்கிறான். அவன் காலத்துக்கென்று துபாயில் ஒரு வீடு வாங்குகிறார்கள். மகனுடைய மேல்படிப்புக்கு வைத்திருந்ததை எடுத்து முதல் தவணையும் அனுப்பியாயிற்று. தோப்புப் பணம் கைக்கு வந்தால் மீதியும் முடிந்துவிடும்.

"பாக்கறீங்களா? அந்தத் தம்பி எனக்குன்னே படம் புடிச்சு அனுப்பிச்சுது."

கைபேசியைக் குல்சுமின் கையிலேயே கொடுத்து, படத்தை ஓடவிட்டாள்.

முதலில் ஒரு கதவு. பிறகு வெள்ளைத் தரை, அகலமான கண்ணாடி, அதற்கு வெளியே நீலத் தண்ணீர். படம் பிடிக்கிறவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அந்தச் செருமலிலேயே குல்சுமுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, இதுதான் உங்க ரூமு. பாருங்க. நல்லாப் பாருங்க."

ஒரு மாதத்துக்கு முன்னால் இதே கதவு, இதே தரை, இதே தண்ணீர். அம்மா, இதுதான் உங்க ரூமு, பாருங்க, நல்லாப் பாருங்க. அன்றைக்கு அதைக் கேட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படம் நகர்ந்து அலமாரிக் கண்ணாடியைத் தொட்டபோது படம் பிடிக்கிறவனும் அதில் தெரிந்தான். பெருநாளைக்கு அவள் எடுத்து அனுப்பிய நீலச் சட்டை. தோளில் தொளதொளவென்று நின்றது. இளைத்துவிட்டானே என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகே வந்தது.

பக்கத்தில் இல்மா வாயைத் திறந்தாள். குல்சும் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பேசாதே.

குரல் தொடர்ந்தது. சமையலறை, பால்கனி, கீழே நீச்சல் குளம். கடைசியில் படம் தண்ணீரைப் பார்த்தபடி நின்றது.

"தோப்பைப் பத்தி யோசிக்காதீங்கக்கா. வாடல் வந்தாச்சு, இனி அதை வெச்சிருந்து என்ன செய்யப் போறீங்க? கோயமுத்தூருல நல்ல பார்ட்டி ஒண்ணு இருக்குது. ஆஸிம் கூட்டிட்டு வருவான். அவங்க மரத்தையெல்லாம் எடுத்துப்போட்டு வீட்டுச் சைட்டுத்தான் போடப் போறாங்க. மரத்தைப் பத்தி நீங்களாப் பேச்செடுக்க வேண்டியதே இல்லீங்க."

படம் முடிந்தது. கைபேசி இருண்டு, அதில் குல்சுமின் முகம் தெரிந்தது.

"தங்கமான பையனுங்க" என்றாள் வரலட்சுமி. "அக்கா அக்கான்னு அப்படி ஒரு பிரியம். பெத்தவங்க குடுத்து வெச்சவங்க."

குல்சும் தண்ணீர் கேட்டாள். வந்த சொம்பைக் கையில் வாங்கியவள் குடிக்க மறந்து நின்றாள். வெள்ளிக்கிழமை வைத்த பாயசம் நினைவுக்கு வந்தது. வீட்டை வாங்கினால் அவனுக்கு ஒரு விற்பனை. தோப்பை வாங்கினால் தோப்புக்காரர் வீட்டை வாங்குவார், அப்போதும் அவனுக்கு ஒரு விற்பனை. ஒரு மாதம் அவர்கள் உட்கார்ந்து இதுவா அதுவா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரே வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான்.

அவள் பெற்ற பிள்ளை. கோயமுத்தூர் பார்ட்டி என்று சொன்னது அவளை.

"வரலட்சுமி, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"தோப்பை எதுக்கு விக்கறீங்க?"

வரலட்சுமி ஒரு நொடி விழித்தாள். அப்படி யாரும் அவளை நேராகக் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். கேரளப் பக்கமிருந்து வந்த வாடல் நோய். முதலில் மேற்கு ஓரம் போயிற்று. வெட்டிப் போட்டார்கள். இப்போது நடுத் தோப்பிலும் நான்கு மரத்துக்குக் கண்டிருக்கிறது. இந்தத் தோப்பு இனி மேலேறி வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

"வெவசாயம் பாக்க வாரவங்கன்னா நாங்க குடுத்திருக்கவே மாட்டோமுங்க. பாவமில்லீங்களா? நீங்க சைட்டுப் போடறவங்க, மரம் நின்னா என்ன போனா என்னன்னுதான் மனசைத் தேத்திக்கிட்டோம்."

"நாங்க சைட்டுப் போட வரலீங்க" என்றாள் குல்சும். "தேங்காய் போட்டுப் பொழைக்கத்தான் வந்திருக்கோம்."

வரலட்சுமியின் கை முந்தானையிலேயே நின்றுவிட்டது. "பாய் கேக்கவே இல்லீங்களே. மூணு தடவை வந்தாங்க. எங்கூட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் எதிர்பாத்தாரு. அவங்க கேக்கல. தெரிஞ்சுதான் கேக்காம இருக்காங்க, நாமளாச் சொன்னா அவங்களை மட்டம் தட்டறாப்புல ஆயிரும்னு…"

அவள் முடிக்கவில்லை. வெளியிலிருந்து பரீத்தின் குரல் கேட்டது. நேரமாச்சு, வாங்க.

இல்மா தாயின் காதோரம் குனிந்தாள். கெளம்பிடலாம்மா, ஊட்டுக்குப் போயி அண்ணன்கிட்டப் பேசிக்கலாம். அத்தாவுக்கு இங்க வெச்சுத் தெரிய வேண்டாம்.

அது நல்ல யோசனைதான். மயக்கமாக இருக்கிறது என்று சொல்லிக் காரில் ஏறிவிடலாம். குல்சும் வாசல்படியில் நின்று அதைத்தான் நினைத்தாள். செக்கைக் கொடுக்காமல் போனால் அவள் பங்கு அவளிடமே இருக்கும். ஆனால் மல்லிகையை முக்காட்டில் செருகிவிட்ட இந்தப் பெண்? தோப்பு விற்காவிட்டால் அந்த இருபத்து மூன்றாம் மாடிக்கு மீதியைக் கட்ட வேறெதையாவது விற்பாள். அந்த வீடாவது உண்மையா? அம்மாவிடமே வாடல் தோப்பைத் தள்ளத் துணிந்தவன், அக்கா என்று கூப்பிடுகிறவளிடம் எதைத் தள்ளுகிறான்?

அதற்குப் பதில் தெரியாமல் இந்த வாசலைத் தாண்ட அவளால் முடியவில்லை.

மேசைக்கு வந்தாள். வேலன் தாம்பாளத்தைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தார். பரீத் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். பிஸ்மி சொல்லி எழுது என்றார் மெதுவாக.

குல்சும் பேனாவை வாங்கவில்லை.

"வரலட்சுமி, அந்தத் துபாய்த் தம்பியைக் கூப்பிடுங்க. படத்தோட கூப்பிடுங்க. நல்ல காரியம் நடக்கறப்ப அவரும் இருக்கட்டும்."

வரலட்சுமி புருஷனைப் பார்த்தாள். வேலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் தலையாட்டினார். எந்தத் துபாய்த் தம்பி என்று பரீத் கேட்பதற்குள் வரலட்சுமி எண்ணைத் தட்டிவிட்டாள். இல்மா கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்கக்கா. செக்கு வாங்கிட்டீங்களா?"

பரீத்தின் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்தது.

குல்சும் கைபேசியை வரலட்சுமியின் கையிலிருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் இல்யாஸ் சிரித்த முகமாக இருந்தான். அந்தச் சிரிப்பு எப்படி அணைவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே தங்கியிருந்தது. உதடுகள் மட்டும் 'அம்மா' என்று அசைந்தன.

"இல்யாஸா அது?" என்றார் பரீத். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். பதறிப்போன மனிதர் மாதிரியே தெரியவில்லை. நீண்ட பயணம் போய் வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

"பாயோட பையனுங்களா?" என்று வேலன் மனைவியிடம் கேட்டது காற்றில் வந்தது.

குல்சும் கைபேசியைத் தாழ்த்தாமலே பேசினாள்.

"இல்யாஸ். செக்குப் புஸ்தகம் கையில இருக்குது. உன் அத்தா இருக்கார். வேலண்ணனும் அக்காவும் நிக்கறாங்க. அவங்க முன்னால கேக்கறேன். இந்தத் தோப்பை வாங்கட்டுமா, அந்த ஊட்டை வாங்கட்டுமா? ஒரு மாசமா நீயுந்தான் சொல்லிட்டிருந்தே. இப்பவும் நீயே சொல்லு."

"அம்மா, கொஞ்சம் தள்ளி வாங்க. தனியாப் பேசலாம்."

"தள்ளி வரமாட்டேன் கண்ணு."

கண்ணு என்றது அவனை என்னவோ செய்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் அலுவலகம் இல்லை, கடல் இல்லை. சுவரோரம் இரண்டு அடுக்குக் கட்டில், அதன்மேல் யாருடையதோ ஈரத்துண்டு. தான் தங்கியிருப்பதாக அவன் வீட்டில் சொல்லியிருந்த இடம் அது இல்லை.

மேலே ஒரு மட்டை முறிந்து விழுந்தது. யாரும் திரும்பவில்லை.

"அம்மா" என்றான். பிறகு சின்ன வயதில் பொய் பிடிபட்டபோது பேசுகிற அதே கீழ்க்குரலில், "ரெண்டும் வேண்டாம்மா" என்றான்.

தோப்பு வேண்டாம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. மற்றதுதான் புரிய நேரம் பிடித்தது. வரலட்சுமி குல்சுமின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் முக்காட்டுக்குள்ளிருந்த மல்லிகைச் சரம் நசுங்கிற்று.

வேலன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கைபேசியைக் குல்சுமிடமிருந்து பிடுங்கவில்லை. அவள் பக்கத்தில் நின்று, திரையில் தம் முகம் தெரிகிற அளவுக்குத் தலையை மட்டும் நீட்டினார். பாயிடம் பிள்ளைகள் எத்தனை என்றுகூட விசாரிக்கக் கூச்சப்பட்ட மனிதர், நேராகவே கேட்டார்.

"தம்பி, அந்த ஊடு ஏனுங்க வேண்டாம்?"